முடிசூடா மன்னர்: உலகப் பட்டம் கிடைக்காத வல்லவரை எப்படிச் சொல்வது?

கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் ஒரு வாலிபால் போட்டி என்றால், ஃபிளெக்ஸ் பேனரில் 'முடிசூடா மன்னர்கள்' என்று ஓர் அணியைப் போட்டுவிடுவார்கள். விசாரித்துப் பார்த்தால் நாலைந்து கோப்பை வாங்கிய அணியாக இருக்கும். இன்னொரு பக்கம், விளையாட்டுச் செய்தி எழுதுபவர்கள் உலகப் பட்டம் ஒருமுறைகூட வெல்லாத பெரிய ஆட்டக்காரரையும் அதே பெயரால் அழைக்கிறார்கள். ஒரே சொல் கோப்பை குவித்தவருக்கும் கோப்பை கிடைக்காதவருக்கும் ஓடினால் வாசகர் எதைப் புரிந்துகொள்வார்? இரண்டாவது ஆளுக்குத் தமிழில் நல்ல பெயர் எது என்று பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு டிஸ்க் கோல்ஃபை எடுத்துக்கொள்கிறேன். பட்டம் கிடைக்காத வல்லவர்கள் அந்த ஆட்டத்தில் நிறையவே இருக்கிறார்கள்.

கோல்ஃப் இந்த மலைக்குப் புதிதல்ல. கொடைக்கானல் கோல்ஃப் கிளப் 1895-ல் தொடங்கியது; அதன் புல்வெளியில் இன்று காட்டெருமைகள் மேய்வதைப் பார்க்கலாம். டிஸ்க் கோல்ஃபில் பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கூடை. குறைந்த எறிகளில் எல்லாக் கூடைகளையும் முடித்தவர் வென்றவர். கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975-ல் முதல் நிரந்தரக் களம் அமைந்தது. ஃபிரிஸ்பீ தயாரித்த வாம்-ஓ நிறுவனத்தில் வேலை பார்த்த எட் ஹெட்ரிக் என்பவர்தான் சங்கிலிக் கூடையை வடிவமைத்தார். 1976-ல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியவரும் அவரே. இறந்த பிறகு தன் சாம்பலைக் கலந்து தட்டு வார்க்கச் சொன்னார், செய்தும் கொடுத்தார்கள்.

தட்டு என்பதைவிட 'வட்டு' நல்ல சொல். ஒலிம்பிக் செய்தியில் வட்டு எறிதல் என்றுதான் எழுதுகிறோம். திருக்குறளிலேயே வட்டு இருக்கிறது: நூலறிவு இல்லாமல் சபையில் பேசுவது, கட்டம் வரையாமல் வட்டாடுவது போல என்கிறது 401-வது குறள். அங்கே வட்டு என்பது ஆட்டக்காய். ஆக, விளையாட்டோடு அந்தச் சொல்லுக்குப் பழைய உறவு உண்டு. கூடைப்பந்து என்பதுபோல 'கூடைவட்டு' என்று சொன்னால் ஆட்டம் பாதி விளங்கிவிடும். 'கூடைத்தட்டு' மட்டும் வேண்டாம், பாத்திரக்கடை ஞாபகம் வரும்.

சரி, 'சாம்பியன்' எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'காம்பஸ்' என்றால் திறந்தவெளி, களம். கல்லூரி வளாகத்தைக் கேம்பஸ் என்கிறோமே, அதற்கும் அதே வேர்தான். களத்தில் இறங்கிச் சண்டையிடுபவரைப் பிற்கால லத்தீனில் 'காம்பியோ' என்றார்கள். அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. இடைக்கால ஐரோப்பாவில் சில வழக்குகளைச் சண்டை போட்டுத் தீர்க்கும் முறை இருந்தது. தானே சண்டையிட முடியாதவருக்காகக் களம் இறங்கியவருக்கும் சாம்பியன் என்றே பெயர். ஆக முதலில் அது களத்தில் நின்றவரைக் குறித்தது. வென்றவர் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இந்த ஆட்டத்தில் அந்தப் பெயர் கிடைக்க வழி ஒன்றுதான்: 1982 முதல் நடக்கும் உலக சாம்பியன்ஷிப். ஆண்டுக்கு ஒருமுறை, சில நாளில் முடிந்துவிடும். 1990-லிருந்து 1998 வரை ஒன்பது ஆண்டும் ஆண்கள் பட்டத்தைக் கென் கிளைமோ ஒருவரே எடுத்துக்கொண்டார். அப்புறம் 2000, 2002, 2006 என்று மொத்தம் 12. அந்தப் பத்தாண்டில் உச்சத்தில் ஆடிய மற்றவர்கள் செய்த தப்பு, அந்தக் காலத்தில் ஆடியது மட்டும்தான். தூர எறிதலில் அப்போது உலக சாதனை வைத்திருந்த ஸ்காட் ஸ்டோக்லிக்கும் உலகப் பட்டம் கிடைக்கவில்லை. அடுத்த தலைமுறைக்குப் பால் மெக்பெத் வந்தார்: 2012 முதல் 2015 வரை தொடர்ச்சியாக நான்கு, பிறகு 2019, 2022. இருவர் கையில் மட்டும் 18 பட்டங்கள். அவர்கள் காலத்தில் இரண்டாம் இடம் பிடிப்பதே பெரிய விஷயம். ரிக்கி வைசாக்கியை அந்த இடத்திலேயே எழுதி வைத்துவிடுவார்கள் போலிருந்தது, ஆனால் 2016-லும் 2017-லும் வென்று வெளியே வந்துவிட்டார்.

பட்டம் கிடைப்பதற்கும் கிடைக்காததற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை 2021-ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் பார்த்தோம். கடைசிக் கூடைக்கு வரும்போது மெக்பெத்துக்கு ஒரு எறி முன்னிலை. ஜேம்ஸ் கான்ராட் சுமார் 75 மீட்டருக்கு அப்பாலிருந்து வீசிய வட்டு நேராகப் போய்ச் சங்கிலியில் விழுந்தது. ஆட்டம் சமன், கூடுதல் கூடையில் கான்ராட் உலக சாம்பியன். வட்டு கொஞ்சம் விலகி விளிம்பில் பட்டுத் தெறித்திருந்தால் அவரும் இந்தக் கட்டுரையின் ஆள்தான். அடுத்த ஆண்டு ஆரன் காசேஜ் என்பவர் அதே மெக்பெத்தோடு சமன் செய்து கூடுதல் கூடை வரை போனார், அங்கே தோற்றார். ஒருவர் பெயர் சாம்பியன் பலகையில் ஏறியது, மற்றவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த வரிசையில் என் முதல் தேர்வு வில் ஷுஸ்டெரிக். உலகப் பட்டத்துக்கு அடுத்து எல்லோரும் ஆசைப்படுவது தென் கரோலைனாவின் ராக் ஹில்லில் நடக்கும் அமெரிக்க சாம்பியன்ஷிப். அதை அவர் மூன்று முறை வென்றார், உலகப் பட்டம் மட்டும் வரவில்லை. கிறிஸ் டிக்கர்சன் 2020-ல் அதே போட்டியையும் 2022-ல் சாம்பியன்ஸ் கோப்பையையும் வென்றவர். நேட் செக்ஸ்டன் 2017-ல் அமெரிக்கப் பட்டம் எடுத்தார். ஈகிள் மெக்மேன் 2019-ல் பின்லாந்தில் ஐரோப்பிய ஓப்பனை வென்றார். ஜெர்மனியின் சைமன் லிசோட் 2014-ல் 263 மீட்டர் எறிந்து அன்றைய சாதனையை முறியடித்தவர். ரசிகர்கள் அவருக்கு ஏராளம். கால்வின் ஹைம்பர்க்கும் 2024 வரை உலகப் பட்டம் இல்லாதவர். பெண்களில் மிஸ்ஸி கேனன் 2021-ல் தொழில்முறைத் தொடரின் இறுதிப் போட்டியை வென்றவர், உலகப் பட்டம் 2024 வரை அவருக்கும் இல்லை. இவரை 'மன்னர்' என்பதா, 'அரசி' என்பதா? முடிசூடாவுக்கு வரும் முதல் இடைஞ்சல் இதுதான்.

இரண்டாவது இடைஞ்சல் பொருளில் இருக்கிறது. 'முடிசூடா மன்னர்' என்று தமிழில் சொன்னால், மகுடம் இல்லாமலே ஆட்சி செய்கிறவர் என்று அர்த்தம். அங்கே ஆட்சி உறுதி, முடிதான் இல்லை. டிக்கர்சனையோ செக்ஸ்டனையோ ஆட்சி செய்தவர்கள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆட்சி கிளைமோவுடையது, மெக்பெத்துடையது. இவர்கள் வல்லவர்கள், அவ்வளவுதான். மேல்மலை வாலிபால் பேனர்தான் அந்தச் சொல்லைச் சரியாகப் பயன்படுத்துகிறது.

'பட்டம்' பரவாயில்லை. நெற்றியில் கட்டும் பொன் தகட்டின் பெயர் அது. பட்டம் கட்டினால் அரசர். பட்டத்து யானை, பட்டத்தரசி எல்லாம் அங்கிருந்து வந்தவை. அப்புறம் அது கல்லூரிக்கும் போனது, விளையாட்டுக்கும் வந்தது. ஆனால் 'பட்டம் பெறாதவர்' என்று மொட்டையாக எழுதினால் டிகிரி முடிக்காதவர் என்று படித்துவிடுவார்கள். முன்னால் 'உலக' சேர்த்தால்தான் தப்பிக்கலாம்.

எனக்குப் பிடித்தது 'வாகை'. வெற்றி பெற்றவர் சூடிய பூ அது; சாம்பியனை 'வாகையர்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. வாகை சமவெளி மரம், கொடைக்கானல் உயரத்தில் தேடினால் கிடைக்காது, கீழே இறங்க வேண்டும். தொல்காப்பியம் வாகைத் திணைக்குத் தரும் இலக்கணம் போர்க்களத்தோடு நிற்பதில்லை. அவரவர் தத்தம் துறையில் மற்றவரினும் மேம்பட்டு நிற்பதே வாகை என்கிறது; எதிர்த்து நின்று மோதும் பொருநருக்கும் அதில் இடம் கொடுக்கிறது. அந்தக் கணக்கில் ஷுஸ்டெரிக்கும் வாகைக்கு உரியவரே. ஆனால் இன்று வாகை என்றாலே கோப்பை என்று ஆகிவிட்டதால், 'உலக வாகை சூடா வல்லவர்' என்று எழுதலாம். ஆண், பெண் எல்லோருக்கும் பொருந்தும், ஆட்சி செய்தார் என்ற பொய்யும் இல்லை.

இந்த மலைக்காரர்களுக்கு இதையெல்லாம் விளக்கவே தேவையில்லை. மேகம் விலகிய நாளில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால் கீழே பழனி தெரியும். உலகத்தை உண்மையிலேயே சுற்றி வந்தவர் முருகன், பழம் போனதோ அம்மா அப்பாவைச் சுற்றிய பிள்ளையாருக்கு. கோபித்துக்கொண்டு வந்து நின்ற இடம்தான் பழனி, 'பழம் நீ' என்று சமாதானம் சொன்னதால் அந்தப் பெயர் என்பது கதை. சங்கப் பாடல்களில் வரும் பொதினிதான் பழனி ஆனது என்பார்கள் ஊர்ப்பெயர் ஆய்வாளர்கள். அது எப்படியோ, பழம் கிடைக்காதவரைத் தேடித்தான் தைப்பூசத்துக்கு இத்தனை பேர் நடந்து போகிறார்கள்.

எழுதுபவர்களுக்கு ஓர் இலக்கணக் குறிப்பு. 'முடிசூடா', 'வாகை சூடா' இரண்டும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சங்கள். 'சூடாத' என்பதன் கடைசி எழுத்து உதிர்ந்து வந்தவை. எதிர்மறைப் பெயரெச்சம் காலம் காட்டாது. நேற்றும் சூடவில்லை, இன்றும் இல்லை, நாளைக்கும் இல்லை என்று எப்படியும் படிக்கலாம். ஆடி முடித்தவருக்கு அது பொருந்தும். ஹைம்பர்க், கேனன் போலக் களத்தில் இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது 'இன்னும் உலக வாகை சூடாத' என்று அந்த ஒரு சொல்லைச் சேர்த்துவிடுங்கள். வைசாக்கியைப் பற்றி 2015-ல் 'இன்னும்' போடாமல் எழுதியவர் அடுத்த ஆண்டே திருத்தம் போட வேண்டி வந்திருக்கும்.