எனக்கு எங்கே நேரம், மிஸ்ஸி?

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இடுப்பு வலி, முட்டி வலி என்று என்னிடம் பிசியோதெரபிக்கு வருகிற பெண்களிடம், தனியாக நடக்கப் போவதுண்டா என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிடுவார்கள். "நாள் பூரா நின்னுக்கிட்டேதான் இருக்கேன் மிஸ்ஸி, இதுக்கு மேல எக்சர்சைஸ் வேறயா?" என்றார் பள்ளிக் கேண்டீனில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. நியாயம்தான். ஆனால் சட்டி தூக்குவதும் குனிந்து மேசை துடைப்பதும் அதே தசைகளைத் திரும்பத் திரும்ப இழுக்கிற வேலை, வலித்தாலும் நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது. கையை வீசி, ஒரே சீராக, பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடப்பது வேறு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை 2020-இல் எடுத்துவிட்டார்கள், ஐந்து நிமிடமும் சேரும்.

ஏன் தனியாக? கூட்டாளி வராத நாளில் நாமும் போகமாட்டோம். வந்தாலோ வழி முழுக்க மருமகள் கதை. (சூம்பா வகுப்பைக் குறை சொல்லவில்லை, போங்கள்.)

சரி, எப்போது நடப்பது? 1982-இல் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து தீபகற்ப மலேசியாவில் விடியவே ஏழு மணி ஆகிறது. காலை ஆறுக்குத் தோட்டத்துச் சாலையில் இருட்டு, நாய், செம்பனை லோரி. வேண்டாம். மாலையில் ஏழு தாண்டியும் வெளிச்சம் இருக்கும், பாடாங்கை (திடலை) சுற்றலாம். ஆனால் எல்லாரும் பசியோடு வீட்டுக்கு வருகிற நேரமும் அதுதான், அதனால் நேரம் மிஞ்சினால் பார்க்கலாம் என்பவருக்கு எந்தக் காலத்திலும் மிஞ்சாது. "செவ்வாயும் வியாழனும் ஆறரைக்கு நான் வீட்டில இல்ல, சோறு குக்கர்ல இருக்கு, குழம்பச் சூடு பண்ணிக்கோங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேண்டீன் அக்கா வீட்டில் அப்படித்தான் சொன்னார். வீட்டுக்காரர் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாராம், அப்புறம் அவரே முட்டை பொரிக்கப் பழகிவிட்டார்.

2023 தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் (நீரிழிவு) இருக்கிறது. இன்சுலின் போடுகிறவர்கள் சர்க்கரை இறங்கினால் வாயில் போட, பையில் மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள், செருப்பில்லாமல் நடக்காதீர்கள். நெஞ்சு இறுகினால் உடனே நின்று 999-ஐ அழையுங்கள்.

நடக்காத நாளில் அந்த நேரத்தில் உங்களுக்குப் பிடித்த புத்தகம் படியுங்கள் என்றால், மகளின் எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) பயிற்சி நூலோடு உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் வேலைதானே! பேய்க்கதை, குடும்ப நாவல், ஞாயிறு பத்திரிகைச் சிறுகதை, எது பிடிக்கிறதோ அது. பிடிக்காவிட்டால் பாதியில் போட்டுவிடுங்கள், யாரும் பரீட்சை வைக்கப்போவதில்லை. போன் மட்டும் வேறு அறையில் இருக்கட்டும்.

"முன்னெல்லாம் நிறைய படிப்பேன், இப்ப மனசு ஒட்டல" என்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது வயதை. நாற்பதுக்கு மேல் கண்ணின் வில்லை (லென்ஸ்) விறைத்துப்போய்க் கிட்டத்து எழுத்து மங்கும். புத்தகத்தைக் கை நீட்டிப் பிடித்தால் தெளிகிறதா என்று பாருங்கள். தெளிந்தால் கண்ணாடி போதும். இனிப்பு நீர் உள்ளவர்கள் மட்டும் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) பத்து வெள்ளிக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள், சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில்) அடுத்த தேதிக்குப் போகும்போது விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணாடியை அதற்குப் பிறகு வாங்கலாம்.