ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தைப் பார்த்ததும்

மும்பையில் சயான், மாட்டுங்கா, தாராவிப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் டாக்டர் கைக்குப் போகும் முன்பே வாட்ஸ்அப்பில் ஊர் வரைக்கும் போய்விடுகிறது. தடித்த எழுத்தில் இருக்கும் எண்ணைச் சுற்றி சிவப்பு வட்டம், கீழே "இது என்னன்னு கொஞ்சம் பாருங்க". லேபில் உயிர்வேதியியல் பிரிவில் இருப்பதால் எனக்கும் தினம் வருகிறது. இவற்றில் பாதிக்கு மேல் பிளஸ் டூ உயிரியல் பாடத்தைத் தூசி தட்டினாலே பதில் கிடைத்துவிடும்.

முதலில், எண்ணுக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் அந்த எல்லை எங்கிருந்து வருகிறது? நோயில்லாத ஆட்கள் குறைந்தது 120 பேரின் ரத்தத்தைச் சோதித்து, மேலே இரண்டரை சதவீதம், கீழே இரண்டரை சதவீதம் கழித்துவிட்டு நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை எல்லையாக வைப்பதுதான் பொதுவான வழக்கம். ஆக, நன்றாக இருக்கும் 20 பேரில் ஒருவர் எல்லைக்கு வெளியே விழுந்தே தீருவார். ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளை ஒருவருக்கே செய்தால், ஒன்றாவது தடித்த எழுத்தில் வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. தள்ளுபடி விலையில் 'ஃபுல் பாடி செக்கப்' எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எடுத்தால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம்.

எல்லா எல்லையும் இப்படி வந்ததல்ல. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனையில் 6.5 என்றால் சர்க்கரை நோய் என்கிறோமே, அது கூட்டத்தின் சராசரியைப் பார்த்து வைத்ததல்ல. அந்த அளவையொட்டித்தான் கண் விழித்திரையில் பாதிப்பு கூடத் தொடங்குகிறது என்று பார்த்து வைத்தது.

அந்த ஹெச்பிஏ1சியில்தான் குழப்பம் அதிகம். தாராவியில் இட்லி அவித்து விற்கும் ஓர் அக்கா, "எனக்கும் சுகர் வந்துட்டாம்லா?" என்று ரிப்போர்ட்டை நீட்டினார். 6.1. அந்த 6.5க்குக் கீழேதான், ஆனாலும் சாதாரண அளவைவிட அதிகம். வெறும் வயிற்றுச் சர்க்கரை 88, சாப்பிட்ட பிறகு 118. இரண்டிலும் குறையில்லை. பக்கத்தைத் திருப்பினால் ஹீமோகுளோபின் 8.4, சிவப்பணுக்களும் சிறுத்து வெளிறியிருந்தன. இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம்.

சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் வாழும். அந்த நாள் முழுக்க ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ், எந்த நொதியின் உதவியும் இல்லாமல், ஹீமோகுளோபினில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது எத்தனை சதவீதம் என்பதுதான் ஹெச்பிஏ1சி. இரும்பு போதாதபோது புது அணுக்கள் வருவது குறைந்து, ரத்தத்தில் வயதான அணுக்களின் பங்கு கூடுகிறது. சர்க்கரை ஏறாமலே எண் கொஞ்சம் ஏறிக் காட்டும். அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்களிலும், அண்மையில் ரத்தம் ஏற்றியவர்களிடமும் நேர்மாறாகக் குறைத்துக் காட்டும். அது இன்னும் ஆபத்து, ஏனென்றால் நல்ல எண்ணை யாரும் சந்தேகப்படுவதில்லை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அப்படியிருக்க, ஹீமோகுளோபினைப் பார்க்காமல் ஹெச்பிஏ1சியை மட்டும் படிப்பது சரியில்லை என்பது என் கருத்து. அக்காவுக்கு டாக்டர் முதலில் எழுதியது இரும்பு மாத்திரைதான். ரத்தம் தேறிய பிறகு திரும்பப் பார்க்கச் சொன்னார்.

அடுத்தது பொட்டாசியம். உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது. சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிந்த நீரில், லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரைதான். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றுவது செல்சவ்விலுள்ள சோடியம்-பொட்டாசியம் பம்ப். 1957இல் டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோ எடுத்துச் சொன்னது, 40 ஆண்டு கழித்து நோபல் பரிசு பெற்றது. அந்தப் பம்ப் குளிரில் ஓடாது. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துப் போகும் பையன், சீரத்தைப் பிரிக்காமல் குழாயை அப்படியே ஐஸ் பெட்டியில் வைத்து மழையில் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டால், பொட்டாசியம் மெல்ல வெளியே கசிந்து எண் கூடிவிடும். மெல்லிய ரத்த நாளத்தில் ஊசியை இழுத்து இழுத்து எடுத்து அணுக்கள் உடைந்தாலும் அதே கதிதான். அதற்காக உயர்ந்த பொட்டாசியத்தை அலட்சியம் செய்யக்கூடாது. இதயத் துடிப்பையே நிறுத்தக்கூடியது அது. சிறுநீரக நோய் இருப்பவரோ, சிலவகை ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரோ என்றால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மற்றவர்களுக்கும் அன்றைக்கே புது மாதிரி எடுத்துப் பார்ப்பதே முறை.

கிரியேட்டினினில் சிக்கல் வேறு மாதிரி. அது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு. தசை குறைந்தால் அதுவும் குறையும். ஒரே 1.0 என்ற எண், 25 வயது ஆணுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 107 மில்லி லிட்டர் வடிகட்டும் சிறுநீரகத்தைக் காட்டும். 72 வயது பாட்டிக்கு அதே 1.0, 2021இன் கணக்கீட்டு முறைப்படி, 60ஐ ஒட்டித்தான் வரும். தடித்த எழுத்து எதுவும் இருக்காது. மூட்டு வலிக்கு மெடிக்கலில் தானாக மாத்திரை வாங்கி விழுங்கும் பாட்டிகள் நம் பக்கம் அதிகம், அந்த மாத்திரைகளில் பல சிறுநீரகத்தைப் பாதிப்பவை. ஆகவே ரிப்போர்ட்டில் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் நிமிடத்துக்கு வடிகட்டும் அளவின் கணக்கீடு) என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பழைய ரிப்போர்ட்டையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். போன வருடம் 0.6 இருந்தவருக்கு இந்த வருடம் 1.0 என்றால், இரண்டும் எல்லைக்குள்தான். ஆனாலும் டாக்டர் காரணம் தேடுவார்.