பொலிப்பை வெட்டிய பிறகும் பெருங்குடலை ஏன் மறுபடி பார்க்கிறார்கள்?

"கட்டியை எடுத்துப்போட்டாங்களே, பிறகென்னத்துக்கு, மகன், என்னை மூணு வருசத்தில திரும்ப வரட்டாம்?" என்று கல்லடியில் இருக்கும் மாமி ஒருவர் என்னிடம் கேட்டார். பெருங்குடலின் உட்சுவரில் வளர்ந்திருந்த சிறு கட்டியை, அதாவது பொலிப்பை, கமரா பொருத்திய குழாயை உள்ளே செலுத்திப் பார்க்கும் கொலொனோஸ்கோப்பி பரிசோதனையின்போது அவருக்கு வெட்டியெடுத்திருந்தார்கள். அவரது கிளினிக் கொப்பிக்குள் நான்காக மடித்திருந்த பயொப்சி (வெட்டியெடுத்த திசுவின் ஆய்வுகூட) அறிக்கையில் 'டியூபியூலர் அடினோமா, 12 மில்லிமீற்றர்' என்றிருந்தது. அவர் கேட்டதற்கான விடை அந்த ஒற்றை வரிக்குள்தான் இருக்கிறது.

பெருங்குடலின் உட்சுவர் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. சுவரிலுள்ள நுண்குழிகளின் அடியில் பிறக்கும் கலங்கள் மேலேறி வந்து உதிர்ந்துவிடும். இந்தப் பிறப்பைக் கட்டுப்படுத்தும் ஏபிசி (APC) என்ற மரபணு ஒரு கலத்தில் பழுதாகும்போது, உதிரவேண்டியவை உதிராமல் குவிந்து அடினோமா வகைப் பொலிப்பாகின்றன. அதன்மேல் வேறு மரபணுக்களும் ஒவ்வொன்றாகப் பழுதானால்தான் அது புற்றுநோயாகும். அதற்குப் பெரும்பாலும் 10 ஆண்டுகளோ அதற்கு மேலோ செல்லும். பொலிப்புகளில் மிகப் பெரும்பாலானவை அந்த நிலைக்குப் போவதே இல்லை. இருந்தாலும் எது போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததால், கண்ட இடத்திலேயே கம்பி வளையத்தால் சுருக்கிட்டு வெட்டிவிடுகிறார்கள். அடினோமா அகற்றப்பட்டவர்களிடம் பெருங்குடற் புற்றுநோய், எதிர்பார்த்ததைவிட 76 முதல் 90 வீதம் வரை குறைவாக ஏற்பட்டதை 1993இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு காட்டியது.

ஆனால் ஒரு பொலிப்பை வளர்த்த குடல் இன்னொன்றையும் வளர்க்கக்கூடும். அத்துடன், ஒரே நபரை அடுத்தடுத்து இருமுறை பரிசோதித்த ஆய்வுகளில், முதல்முறை ஏறத்தாழ நான்கில் ஒரு அடினோமா தவறவிடப்பட்டிருந்தது. அவற்றில் பல மிகச் சிறியவை, மடிப்புகளுக்குப் பின்னால் ஒளிந்திருப்பவை.

திரும்பிச் செல்லவேண்டிய காலத்தைப் பொலிப்பின் எண்ணிக்கையும் அளவும் வகையும் தீர்மானிக்கின்றன. அமெரிக்க வல்லுநர்களின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, 10 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஓரிரு சாதாரண அடினோமாக்கள் என்றால் 7 முதல் 10 ஆண்டுகள். 10 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ என்றால் 3 ஆண்டுகள். 20 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ உள்ளதைத் துண்டு துண்டாக எடுத்திருந்தால் 6 மாதங்கள். பிரித்தானிய வழிகாட்டியோ மாமிக்கு இருந்ததைப் போன்ற ஒற்றைப் பொலிப்புக்கு இவ்வளவு சீக்கிரம் அழைப்பதில்லை. ஆனால் மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை அங்கே வீடு தேடித் தபாலில் வருகிறது. அத்தகைய வலை நம்மிடம் இல்லாதபோது, வைத்தியர் எழுதிய 3 ஆண்டுகளைக் கடைப்பிடிப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

குடல் சுத்தமாக இல்லாவிட்டால் எவ்வளவு திறமையான வைத்தியராலும் எதையும் காண முடியாது. பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாட்கள் முன்பே தவிட்டுடன் கூடிய சிவப்பரிசி, கீரை, முருங்கைக்காய், கொய்யா, கஜு ஆகியவற்றை விட்டு, வெள்ளையரிசிச் சோறும் மீனும் போன்ற எளிய உணவுக்கு மாறவேண்டும். பேதி மருந்தை முதல்நாள் மாலை பாதியும், பரிசோதனைக்கு 4 முதல் 6 மணித்தியாலங்கள் முன் மீதியுமாகக் குடிப்பதே சிறந்தது. படுவான்கரையிலிருந்து விடியற்காலை பஸ் ஏறுபவருக்கு இது பெரிய சோதனைதான். முதல்நாளே மட்டக்களப்பு நகரில் உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. கடைசியாகப் போவது, தூள் துகள் எதுவுமின்றி, வெளிர்மஞ்சள் நீராக இருக்கவேண்டும்.

குறித்த திகதிக்கு முன்பே மலத்துடன் இரத்தம் போனாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ காத்திருக்கக் கூடாது. மூலவியாதி என்று தாமே முடிவுசெய்து நாட்டுமருந்து குடித்துக் காலத்தைக் கழிப்பவர்களைக் காணும்போது மனம் பதறுகிறது.

மாமியின் அறிக்கையை இரண்டு பிரதிகள் எடுக்கச் சொன்னேன். 10 மில்லிமீற்றரை எட்டிய அடினோமா ஒருவருக்கு இருந்தால், அவரது உடன்பிறந்தோரும் பிள்ளைகளும் 40 வயதிலிருந்தே பரிசோதித்துக்கொள்ளவேண்டும். அக்கரைப்பற்றில் இருக்கும் அவரது தம்பிக்கு இப்போது 52 வயது. ஒரு பிரதி அவருக்குப் போயிருக்கிறது.