அக்கானி புளிக்காமல் இருப்பது எப்படி?

பங்குனி பிறந்துவிட்டால் குமரி மாவட்டத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கத்துச் சாலையோரங்களில் பனையோலைப் பட்டையில் அக்கானி ஊற்றிக் கொடுப்பார்கள். மற்ற ஊர்களில் பதநீர் என்பது இதைத்தான். விடியலில் இறக்கியது உச்சிவெயிலிலும் தித்திப்பாக இருக்கிறதென்றால், அது கலயத்தின் உள்பக்கம் பூசிய சுண்ணாம்பின் வேலை.

பாளையின் நுனியைச் சீவினால், இலையில் தயாரான சர்க்கரையைப் பூவுக்குக் கொண்டுபோகும் நுண்குழாய்கள் திறந்துகொள்கின்றன. மரம் அந்தக் காயத்தை அடைக்கப் பார்க்கும். அதனால்தான் பனையேறி காலையும் மாலையும் ஏறி மெல்லிய வில்லையாகச் சீவிவிடுகிறார். தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஊறி வரும் சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை, அதில் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது நாம் காபியில் போடும் அதே வகைச் சர்க்கரை.

ஈஸ்டும் பாக்டீரியாவும் பாளையிலேயே இருக்கின்றன, பூச்சிகளும் கொண்டுவருகின்றன. வெறும் கலயத்தில் சாறு விழுந்தால் அவை சுக்ரோஸைக் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்று உடைத்து, ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும். நுரைத்துக் கள்ளாகும், இன்னும் விட்டால் புளித்துக் காடியாகும். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மைக்கு (அமிலத்துக்கு நேரெதிர், மிளகாய்க் காரம் அல்ல) நகர்த்திவிடுவதால் இந்த நுண்ணுயிர்களால் பெருக முடிவதில்லை. ஆனால் சுண்ணாம்பு அளவோடு இருக்க வேண்டும். பூச்சு போதாவிட்டால் புளிப்பு ஏறும். மிஞ்சினால் நாக்கு பொத்துப்போகும்.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளை இரண்டு மேசைக்கரண்டி சானிடைசர் திரவத்தில் கலக்கி, தெளிந்ததை வெள்ளைத் தாளில் தடவி நிழலில் காயவிடுங்கள். தண்ணீரில் மஞ்சளின் நிறப்பொருள் சரியாகக் கரையாது, அதனால்தான் ஆல்கஹால். அடுப்புப் பக்கம் இந்த வேலை வேண்டாம். தாளில் ஒரு சொட்டு அக்கானி விட்டதும் செங்காவியாக மாறினால் காரம் இருக்கிறது. மஞ்சளாகவே நின்றால் சுண்ணாம்பு குறைவு, அல்லது புளிக்கத் தொடங்கிவிட்டது. சர்க்கரைத் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்து விற்றாலும் தாள் சிவக்கும். எனவே கலப்படத்தை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

புளிப்பு தொட்ட அக்கானியில் கருப்பட்டி ஏன் உறைவதில்லை என்பதற்கும் விடை இங்கேதான். சுக்ரோஸ் படிகமாக வேண்டும். உடைந்த குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் இடையில் புகுந்து அதைத் தடுக்கும். எவ்வளவு நேரம் காய்ச்சினாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும். நல்ல அக்கானி என்றால், பாகைத் தண்ணீரில் விட்டதும் கையில் உருட்ட வரும். அந்தப் பதத்தில் இறக்கிக் கிளறி, சிரட்டையில் ஊற்றலாம். ஏறத்தாழ 8 லிட்டருக்கு ஒரு கிலோ. கொதிக்கும்போது பொங்கி வழியாமலிருக்க இடித்த ஆமணக்கு விதை போடுவார்கள். அதன் எண்ணெய் நுரைக் குமிழிகளை உடைக்கிறது.

கருப்பட்டி வரை போக முடியாதவர்கள் அக்கானிக் கஞ்சி வைக்கலாம். ஒரு லிட்டர் அக்கானியை ஒரு மணி நேரம் அசையாமல் வைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுத்து, பாதியாகும் வரை காய்ச்சுங்கள். 150 கிராம் பச்சரிசியையும் 50 கிராம் வறுத்த சிறுபயறையும் முக்கால் லிட்டர் தண்ணீரில் குழைய வேகவைத்த பிறகுதான் இதை ஊற்ற வேண்டும். முதலிலேயே அக்கானியில் போட்டால் பயறு விறைத்து நிற்கும். சர்க்கரை தண்ணீரை இழுத்துக்கொள்ளும். சுண்ணாம்பின் கால்சியம் பயறின் செல்சுவரை இறுக்கும். பூசணித் துண்டைச் சுண்ணாம்பு நீரில் போட்டால் மொறுமொறுப்பாவதும் இப்படித்தான். சேர்த்தபின் பத்து நிமிடம் சிறுதீயில் வைத்து, சுக்குப் பொடியும் அரைமூடித் தேங்காய்த் துருவலும் போட்டு இறக்குங்கள்.

இனி பட்டை. தென்னை ஓலையில் அக்கானி குடிக்க முடியாது. அதன் ஓலைகள் நடு மட்டை வரை தனித்தனியாகப் பிரிந்தவை. பனையோலை பாதிவரை ஒட்டிய ஒரே பரப்பு. அதன் அறிவியல் பெயரிலுள்ள ஃபிளாபெலிஃபர் என்ற சொல்லுக்கே விசிறி ஏந்தியது என்று பொருள். ஒட்டுப்போடாமலே மடிப்பு மடிப்பாக இருக்கும் அந்தப் பரப்பும் மேலே படிந்த மெழுகும் சேர்ந்து நீரைத் தாங்குகின்றன. முற்றாத ஓலையில் ஒட்டிய பகுதியை அகலமாக விரித்து, இரு முனைகளையும் தோணிபோல மேலே கூட்டி, கிழித்த ஓலை நாரால் கட்டுங்கள். பிரிவு தொடங்கும் இடம் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே வந்தால் அங்கேதான் ஒழுகும்.

குருத்தோலை ஞாயிறுக்குச் சிலுவை பின்னுகிறவர்கள் அன்று காலை வெட்டிய குருத்தையே தேர்ந்தெடுப்பது நல்லது. வெளிச்சம் படாமல் உறைக்குள் இருந்ததால் அதில் பச்சையம் இல்லை. கெட்டிப்படுத்தும் லிக்னினும் இன்னும் ஏறவில்லை. அதனால் எவ்வளவு மடக்கினாலும் ஒடியாது. முந்தின நாளே வாங்கினால் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காய்ந்த குருத்து முதல் மடிப்பிலேயே கீறிவிடும்.