தேடுபொறியா, தேடுப்பொறியா?

சிங்கப்பூர்த் தமிழர் பேச்சில் 'கூகுள் பண்ணிப் பார்' என்பது நிலைத்துவிட்டது. எழுதும்போதுதான் 'தேடுபொறி' என்ற சொல் வருகிறது. அதையும் சிலர் 'தேடுப்பொறி' என்று ஒற்று மிகுத்து எழுதுகிறார்கள். தேடிய, தேடுகின்ற, தேடும் என முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை ஆதலால், ஊறுகாய், சுடுகாடு என்பவற்றைப் போல இதிலும் வல்லினம் மிகாது. கூகுளுக்கு மாற்றாக உள்ளதை 'மாற்றுத் தேடுபொறி' என்னும்போது 'த்' வருவது, 'மாற்று' வன்றொடர்க் குற்றியலுகரமாக, அதாவது வல்லின மெய்யை அடுத்துக் குறுகி ஒலிக்கும் உகரத்தில் முடியும் சொல்லாக இருப்பதால்.

ஆங்கில 'எஞ்சின்' என்ற சொல், பிறவியில் அமைந்த அறிவுத்திறனைக் குறித்த இலத்தீன் 'இங்கேனியும்' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்து, சூழ்ச்சி, போர்க்கருவி என்றெல்லாம் மாறி, இயந்திரத்தில் நின்றது. நம் 'பொறி' அதைவிடப் பரந்தது. சிலப்பதிகாரத்தில் மதுரை மதிலைக் காக்கும் 'வளைவிற் பொறி', தானே வளைந்து அம்பு எய்யும் எந்திரம். குறளின் 'பொறிவாயில் ஐந்து' புலன்களின் வாயில். வீட்டில் எலிப்பொறி, அடுப்பில் தீப்பொறி. 'தேடு' என்பதற்கும் ஈட்டு என்ற பொருள் உண்டு. 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு' என்ற ஔவை வாக்கை, கப்பலேறி இங்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

'மாற்று' என்றதும் தரம் குறைந்த பதிலி என்று நினைப்பவர் உண்டு. சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் இன்று '916' என்று சொல்லப்படும் தங்கத் தரத்தை முன்னோர் மாற்று என்றே அளந்தனர். பத்தரை மாற்றுத் தங்கம் அவர்களுக்கு மிக உயர்ந்தது. 'ஆல்டர்னேட்டிவ்' என்பதற்கு இதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியவில்லை.

கூகுளுக்கு அத்தகைய மாற்றுத் தேடுபொறிகளுள் ஒன்று, 2008இல் அமெரிக்காவில் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கிய டக்டக்கோ. பயனரின் தேடல் வரலாற்றைச் சேமிப்பதில்லை என்பது அதன் கொள்கை ஆகையால், நம் பழக்கத்தை வைத்து அது ஊகிக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது. 'தங்க விலை' என்று நிறுத்தாமல் 'சிங்கப்பூர் தங்க விலை' என்று எழுதுவதும், அமைப்பில் வட்டாரத்தைச் சிங்கப்பூர் எனத் தேர்ந்துகொள்வதும் நம் வேலை. இரட்டை மேற்கோள்குறிக்குள் இட்ட சொல்லின் அதே வடிவத்தையே அது நாடும் என்பதால், 'நூலகம்' என்று தேடியவர் 'நூலகத்தில்' என்றும் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது. வேற்றுமை உருபேற்றால் சொல்லின் வடிவமே மாறிவிடும் மொழி நம்முடையது.

அதன் தனிச்சிறப்பு, 'பேங்' எனப்படும் குறுக்குவழி. அச்சுத்தொழிலாளர் வியப்புக்குறிக்கு இட்ட பெயர் அது. வியப்புக்குறியை அடுத்து, இடைவெளி விடாமல் ஆங்கிலச் சிற்றெழுத்து டபிள்யூவை இட்டு, பிறகு தேடுசொல்லை எழுதினால், முடிவுப் பட்டியலில் நிற்காமல் நேரே விக்கிப்பீடியாவுக்குள் போய்விடலாம். இப்படி ஆயிரக்கணக்கான குறிகள் உள்ளன. 'பேங்' என்பதை ஒலிபெயர்த்தே எழுதுகிறோம்; 'தாவுகுறி' என்று சொல்லலாம் என்பது என் கருத்து. அதுவும் வினைத்தொகையே, 'தாவுக்குறி' என்று எழுதிவிட வேண்டாம்.