மருந்து ஆய்வில் சேரச் சொன்னால், பதிவு எண்ணைக் கேளுங்கள்

புதிய மருந்தை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கும் ஆய்வுகளுக்கு இந்தியாவில் ஒரு பொதுப் பதிவேடு உண்டு. சி.டி.ஆர்.ஐ. என்பார்கள். அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். இதை 2007 ஜூலையில் தொடங்கியது. இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

ஆரம்பத்தில் பதிவு கட்டாயமில்லை. அதை மாற்றியதில் நம் நாட்டு மருத்துவ இதழ்களுக்குப் பங்கு உண்டு. பதிவாகாத ஆய்வுகளை இனிப் பிரசுரிப்பதில்லை என்று இந்திய இதழ்கள் பலவற்றின் ஆசிரியர்கள் 2008இல் கூட்டாக அறிவித்தார்கள். கட்டுரை வெளிவராவிட்டால் ஆய்வாளருக்கு நஷ்டம், அதனால் இது வலுவான பிடி. 2009 ஜூன் 15 முதல் அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் பதிவைக் கட்டாயமாக்கியது. இப்போதைய 2019 விதிகளின்படி, முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பே பதிவு முடிந்திருக்க வேண்டும்.

ஏன் முன்பே? எதை அளக்கப் போகிறோம், எத்தனை பேரைச் சேர்க்கப் போகிறோம் என்று முதலில் எழுதி வைத்துவிட்டால், பிறகு சாதகமான கணக்கை மட்டும் காட்டினால் தெரிந்துவிடும். ஏமாற்றம் தந்த ஆய்வைச் சத்தமில்லாமல் மூடி வைப்பதும் கடினம். அந்த மாதிரி முடிவுகள்தான் பல சமயம் நமக்கு அதிகம் தேவை. பதிவேடு வருவதற்கு வெகு முன்பே, 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைப் பெரிய அளவில் சோதித்தார்கள். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கண்காணிப்பின் முடிவு 1999இல் ஐ.சி.எம்.ஆரின் சொந்த இதழிலேயே வந்தது. மறைக்காமல் வெளியிட்டதால்தான் அந்த ஊசியிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கக் கூடாது என்பது உலகத்துக்குத் தெளிவானது.

சரி, உங்களையோ வீட்டில் ஒருவரையோ ஆய்வில் சேரச் சொல்கிறார்களா? சி.டி.ஆர்.ஐ. எண்ணைக் கேளுங்கள். ஆண்டு, மாதம், வரிசை எண் என்ற அமைப்பில் இருக்கும். அதைப் போட்டுத் தேடினால் ஆய்வின் நோக்கம், பணம் தருவது யார், எந்தெந்த மருத்துவமனைகள், ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா என்பதெல்லாம் தெரியும். செய்தித்தாளில் 'ஆய்வில் நிரூபணம்' என்று படித்தாலும் இதே வழிதான்.

பதிவாகியிருப்பதாலேயே மருந்து நல்லது என்று ஆகிவிடாது. சம்மதப் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் உங்களுக்குத் தர வேண்டும். காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் உங்கள் வழக்கமான சிகிச்சை பாதிக்கக் கூடாது. ஆய்வால் உடலுக்குக் கேடு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு.