ஓடு: அணுக்கருவியலில் ஒரு சொல்லின் பொருள்

திருகோணமலையில் ‘ஷெல்’ என்றால், போர்க்காலத்தைக் கண்டவர்களுக்கு எறிகணைதான் முதலில் நினைவுக்கு வரும். பௌதிகவியல் படிக்கும் பிள்ளைக்கோ அது ஓடு. பழைய ஆங்கிலத்தில் சிப்பி, முட்டை ஆகியவற்றின் வன்மையான உறையைக் குறித்த சொல் அது. வெடிமருந்தை உள்ளடக்கிய உறை என்பதால் எறிகணைக்கும் அப்பெயர் ஏற்பட்டது.

அணுவில், கருவைச் சூழ்ந்த இலத்திரன்களின் சக்தி மட்டத் தொகுதிகளுக்கு இச்சொல் வழங்கியது. பின்னர் கருவுக்கும் வந்தது. 1949இல் மரியா கோப்பர்ட் மேயரும் ஹான்ஸ் யென்சனும் தனித்தனியே கருவின் ஓட்டு மாதிரியை விளக்கினார்கள். 1963இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். 2, 8, 20, 28, 50, 82, 126 என்னும் மாய எண்களில் புரோத்தன்களோ நியூத்திரன்களோ அமைந்தால் கரு ஏன் கூடுதல் உறுதி பெறுகிறது என்பதற்கு அதில் விடை இருந்தது.

ஆனால் கருவுக்குள் உறை எதுவும் இல்லை. புரோத்தன்களும் நியூத்திரன்களும் கரு முழுவதும் உலவுகின்றன. நெருங்கிய சக்தி மட்டங்கள் ஒரு தொகுதி. அடுத்த தொகுதிக்கு முன் பெரிய இடைவெளி. ஓடு என்பது அந்தத் தொகுதிதான். தமிழ்நாட்டில் வழங்கும் ‘கூடு’ என்ற சொல்லும் வெற்றிடத்தைச் சூழ்ந்த ஒன்றையே நினைவூட்டுகிறது. ‘அடுக்கு’ என்பதே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். நியூத்திரன் மிகுந்த கருக்கள் அதற்குச் சான்று தருகின்றன.

அருட்டப்பட்ட, அதாவது கூடுதல் சக்தி பெற்ற, கரு தாழ்நிலைக்குத் திரும்பும்போது காமாக் கதிரை வெளிவிடுகிறது. அக்கதிரின் சக்தியை அளந்தால் மட்டங்களுக்கு இடையிலான தூரம் தெரியும். 28 நியூத்திரன்கள் கொண்ட கல்சியம்-48இன் முதல் அருட்டிய நிலை ஏறத்தாழ 3.8 மில்லியன் இலத்திரன்வோல்ற்று (சக்தியின் அலகு) உயரத்தில் இருக்கிறது, இடைவெளி பெரிது. மகனீசியம்-32இல் 20 நியூத்திரன்கள் இருந்தும் அந்த உயரம் 0.885 மில்லியன் மட்டுமே. அங்கே 20 தன் மாயத்தை இழந்துவிட்டது! மாறாக, ஜப்பானின் ரிக்கன் ஆய்வகத்தில் வேகமான கருக்களைப் பெரிலியம் இலக்கில் மோதவிட்டு, 34 நியூத்திரன்கள் கொண்ட கல்சியம்-54ஐ உருவாக்கினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி அதன் காமாக் கதிர் ஏறத்தாழ 2.04 மில்லியன். கல்சியம்-50இல் இது ஏறத்தாழ 1.03 மில்லியன்தான். ஆகவே 34 புதிய மாய எண்ணாகத் தெரிந்தது. புரோத்தன்களுக்கும் நியூத்திரன்களுக்கும் இடையிலான ஈர்ப்பு மாறும்போது மட்டங்களின் வரிசையும் மாறுகிறது.

ஓடு என்றால் உடையத்தான் முடியும். அடுக்கையோ மாற்றி அடுக்கலாம். ஆயினும் பரீட்சை விடைத்தாளில் பாடநூலின் சொல்லான ‘ஓடு’ என்பதையே எழுதுங்கள். வகுப்பில் விளக்கும் ஆசிரியர்கள் ‘சக்தி அடுக்கு’ என்பதையும் உடன் சொல்லிக்கொடுக்கலாம்.